மெஷின் கழுவிய காபி

எங்கள் வீட்டுக் காபி மெஷினில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்ததை முதலில் பார்த்தது நான்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எரியட்டும் அம்மணி, லைட்டுத்தானே" என்றார்.

அவர் கோயமுத்தூர் கணபதி பகுதியில் மோட்டார் பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் எந்த இயந்திரத்தையும் சத்தத்தை வைத்துத்தான் எடைபோடுவார். விளக்கு, திரை, எழுத்து எதையும் நம்பமாட்டார். மெஷின் கத்தினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் வாங்கி அனுப்பிய மெஷின் அது. மேலே காபிக்கொட்டையைப் போட்டு, பின்னால் தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினால் போதும். அதுவே அரைத்து, அதுவே டிகாஷன் இறக்கிக் கொடுத்துவிடும். பாலை மட்டும் நாம் காய்ச்சி ஊற்றிக்கொள்ள வேண்டும்.

மெஷினுக்கு எந்தத் தண்ணீர் என்பதில் வந்த அன்றைக்கே வாக்குவாதம். எங்கள் பகுதியில் தண்ணீர் இரண்டு வகை. கார்ப்பரேஷன் குழாயில் வருவது நல்ல தண்ணீர். வருகிற அன்றைக்குக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்து, குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். அது உப்பு. பக்கெட்டில் வெள்ளை படியும், ஷவரின் கண் அடைத்துக்கொள்ளும், வெந்நீர் போடும் ராடு சுண்ணாம்பு பூசினாற்போல் தடித்துப்போகும்.

"மெஷினுக்கு எதுக்கு நல்ல தண்ணி?" என்றார் வீட்டுக்காரர்.

"மெஷின் எங்கீங்க குடிக்குது? நாமதானுங்க குடிக்கறோம்."

"உள்ள போயி கொதிச்சுத்தானே வெளிய வருது? கொதிச்சா எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணிதான்."

பம்பு விஷயத்தில் அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. மெஷினும் ஒரு பம்புதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஆகவே இரண்டு வருடம் போர் தண்ணீரையே ஊற்றினோம்.

வந்த புதிதில் பூனை சீறுவது போலச் சின்னதாகச் சத்தம் போட்ட மெஷின், போகப் போக லோடு லாரி மேடு ஏறுவது போல முனக ஆரம்பித்தது. காபி ஒழுகாமல் சொட்டியது. அப்போதுதான் அவர் எழுந்து வந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையை மெஷினின் வயிற்றில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். பட்டறையில் பேரிங் போன மோட்டாரை அப்படித்தான் கேட்பாராம்.

"உப்பு புடிச்சிருச்சு" என்றார்.

மகனுக்குப் போன் போட்டோம். அதற்கென்று ஒரு திரவம் விற்கிறது, ஆர்டர் போட்டு அனுப்புகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்றான். போனை வைத்ததும் இவர், "அது வேற ஒண்ணுமில்ல, எலுமிச்ச உப்புத்தான். சர்பத்துல போடறது. தண்ணியில கரைச்சு கலர் போட்டு விக்கறானுக" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் போனார். எசென்ஸும் கலரும் விற்கிற பாய் கடை ஒன்று அங்கே பழைய வீதிக்குள் இருக்கிறது. இவர் கேட்ட அளவைப் பார்த்து பாய், "எத்தன பேருக்குங்க விசேசம்?" என்று கேட்டாராம். இவரும் மெஷின் கதையைச் சொல்ல வெட்கப்பட்டு, "ஒறம்பற எச்சா வர்றாங்க" என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறார்.

விருந்தாளிகள் வருவது என்னவோ உண்மைதான். மகனுக்குப் பெண் பார்த்திருந்தோம். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். பையனும் பெண்ணும் அவிநாசி கோயிலில் பார்த்துப் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதுதான் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை, ராகு காலம் கழிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மகனும் ஊருக்கு வந்திருந்தான்.

"சம்மந்தி வர்றப்ப மெஷின் லாரியாட்டம் கத்துனா நெம்ப அசிங்கம்" என்று சொல்லி, மதியச் சாப்பாடு முடிந்து மகன் தூங்கப் போனதும் இவர் வேலையில் இறங்கினார். கூட வந்த புத்தகத்தில் உலகத்துப் பாஷையெல்லாம் இருந்தது, தமிழ் இல்லை. படத்தைப் பார்த்து இரண்டு பொத்தானை ஒன்றாக அமுக்கினார். ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டறை முறைக்கு வந்தார். ஒரு கை நிறைய எலுமிச்சை உப்பை அள்ளித் தொட்டித் தண்ணீரில் போட்டுக் கலக்கினார்.

"ஏனுங்க, அத்தனையுமா?"

"ரெண்டு வருசத்து உப்பு கண்ணு. ஒரு ஸ்பூனுக்கா அசையும்?"

கொஞ்சம் வெந்நீராக ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, "ஊறட்டும். நாலரைக்கு மேல கழுவிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ராகு காலம் முடிந்து வருவதைவிட அதற்கு முன்னாலேயே வந்துவிடுவது நல்லது என்று காங்கேயத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. மூன்று மணி வாக்கில், "அவிநாசி ரோட்டுக்கு வந்துட்டோமுங்க" என்று பெண்ணின் அப்பா போன் செய்தார். நான் சேலை மாற்ற ஓடினேன். இவர் எழுந்து குளிக்க ஓடினார். மெஷினைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே வரவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். பெண்ணின் அப்பா, அம்மா, அப்பாவின் அண்ணன். அந்த அண்ணனை மற்ற இருவரும் மகள் கூப்பிடும் முறையிலேயே பெரியப்பா பெரியப்பா என்று சொன்னதால் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, சட்டை. முகத்தில் எதுவும் தெரியாது. சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று எங்களால் ஒரு துளி கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் காபி போட எழுந்தேன். மகன் என்னை உட்காரச் சொன்னான்.

"நீங்க பேசிட்டு இருங்கம்மா, நான் போட்டுக்கிட்டு வாரேன்."

பெண்ணின் அம்மாவுக்குக் கண் விரிந்துவிட்டது. "மாப்பிள்ளையே காபி போடுவாருங்களா?" என்று என்னிடம் கேட்டார். "அதெல்லாம் நல்லாப் போடுவானுங்க" என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அவன் போட்டு நான் பார்த்ததே இல்லை.

உள்ளே போனவன், தொட்டியில் தண்ணீர் நிறைய இருப்பதைப் பார்த்துச் சுவிட்சைப் போட்டிருக்கிறான். டிகாஷன் வந்தது. சூடான பாலை ஊற்றியிருக்கிறான். பால் திரிந்து கட்டி கட்டியாக மேலே மிதந்தது. பால்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதைக் கொட்டிவிட்டு, பால் இல்லாமலேயே சர்க்கரை போட்டு மூன்று கோப்பையில் கொண்டுவந்துவிட்டான்.

"பால் திரிஞ்சுபோச்சுங்க. பிளாக் காபிங்க. பெங்களூருல இப்படித்தானுங்க குடிப்போம்" என்றான்.

மூன்று பேரும் குடித்தார்கள். பெண்ணின் அப்பாவின் இடது கண் மட்டும் தானாக மூடித் திறந்தது. அம்மா கோப்பையை உதட்டில் வைத்தபடி அப்படியே உறைந்துபோனார். பெரியப்பா முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. நிதானமாக இரண்டாவது வாய் குடித்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் அம்மா.

எங்கள் பக்கத்தில் வேறு பதிலே கிடையாது. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, கொடுத்த பண்டத்தில் குறை சொல்வதை நாங்கள் கெட்ட வார்த்தை பேசுவது போலத்தான் நினைப்போம். போதும் என்று அவர்கள் சொன்னால் இன்னும் கொஞ்சம் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊற்றாமல் விட்டால் நம்முடைய மரியாதைக்குக் குறைவு. ஆகவே பெரியப்பாவின் கோப்பை காலியானதும், "இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார்.

மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவன் உள்ளே போய் இன்னொரு சுற்றுக் கொண்டுவந்தான். அதையும் குடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, கும்பிட்டபடி வந்தார். கும்பிட்ட கை பாதியில் நின்றது. கோப்பைகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று உட்கார்ந்திருந்தவர்களிடமே சொல்லிவிட்டு, "அம்மணி, ஒரு நிமிசம்" என்று என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

தொட்டியில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"போச்சு! பைப்பு கழுவுன தண்ணிய சம்மந்திக்குக் குடுத்துப்போட்டீங்களே!" என்றார் குரலை அடக்கிக்கொண்டு.

சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். "ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

"ஒண்ணும் ஆகாது. திங்கற சாமாந்தானே. கூட நம்ம போர் தண்ணிச் சுண்ணாம்பு கரைஞ்சிருக்கும், அவ்வளவுதான். நெஞ்சு கொஞ்சம் எரியும்."

"சொல்லிரலாமுங்க."

"என்னன்னு சொல்றது? முத தடவை ஊட்டுக்கு வந்தவங்களுக்கு மெஷினக் கழுவி ஊத்துனோமுன்னா?"

அப்புறம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். என்ன இருந்தாலும் நேர்மையான மனிதர். "அவங்க குடிச்சத நாமளும் குடிச்சரோணும். அதுதான் நியாயம்" என்று சொல்லி, மிச்சம் இருந்த தண்ணீரில் எங்களுக்கும் இரண்டு கோப்பை இறக்கினார். அவர்கள் எதிரில் போய் உட்கார்ந்தோம்.

அப்படி ஒரு புளிப்பை நான் வாழ்நாளில் கண்டதில்லை. பல் கூசி, காது வரை ஏறியது. அடியில் ஒரு சுண்ணாம்பு வாடை வேறு. முகம் கோணாமல் குடிக்க வேண்டுமென்று இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். பெண் வீட்டார் மூன்று பேரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். நாங்கள் கடைசி சொட்டு வரை குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தோம். இவர்களுக்கு இதுதான் பழக்கம்போல என்று அவர்கள் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் போன பிறகு மகனிடம் விஷயத்தைச் சொன்னோம். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சம்பந்தம் அவ்வளவுதான் என்று மூன்று பேரும் நினைத்தோம்.

மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா போன் செய்தார். அவர்களுக்கு எல்லாம் திருப்தி, உப்புச் சர்க்கரை மாற்றுவதற்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். கல்யாணம் உறுதி என்று அர்த்தம். இவருக்கு நம்பவே முடியவில்லை.

"பெரியப்பா என்ன சொல்றாருங்க?"

"அவருதானுங்க மொதல்ல சரின்னு சொன்னது. அவருக்கு வெகு நாளா வயித்துல வாயுத் தொந்தரவுங்க. காரு பல்லடம் தாண்டறதுக்குள்ள நல்லா ஏப்பம் வந்து உட்டுதுங்க. ஊடு வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொன்னாரு. கைராசியான ஊடுன்னு."

நல்ல நாள் பார்த்துக் காங்கேயம் போனோம். பெரிய வீடு, வாசலெல்லாம் தேங்காய்ப் பருப்பு வாசம். உட்கார்ந்ததும் பெண்ணின் அம்மா தட்டில் காபி கொண்டுவந்தார். பால் இல்லை. கறுப்பாக இருந்தது. நான் ஒரு வாய் குடித்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தார்கள்.

"உங்க ஊட்டுல குடிச்ச மாதிரியே வந்திருக்குதுங்களாக்கா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "நாலஞ்சு நாளா போட்டுப் போட்டுப் பாத்தனுங்க. மொதல்ல புளியக் கரைச்சு ஊத்தினேன், ரசமாட்டம் ஆயிப்போச்சுங்க. பொறவு தயிர்ல கூடப் பாத்தனுங்க. அப்புறந்தான் எலுமிச்சன்னு புரிஞ்சுதுங்க."

எங்களுக்காக அந்த அம்மா அத்தனை பாடுபட்டிருக்கிறார். நான் என்ன சொல்வது? "அதே மாதிரியே இருக்குதுங்க" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இவருக்கு எந்த வேலையைக் காட்டினாலும் குறை நிறை சொல்லாமல் இருக்க முடியாது. கோப்பையை நிதானமாகச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "புளிப்பு கொஞ்சம் கம்மிங்க" என்றார்.

மகன் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தான். அதற்குள் பெண்ணின் அம்மா கோப்பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடி, இன்னும் ஒரு பழம் பிழிந்து கொண்டுவந்துவிட்டார். பெரியப்பா முதலில் எடுத்துக் குடித்தார். தலையை ஆட்டினார். நாங்களும் குடித்தோம்.

உப்பும் சர்க்கரையும் மாற்றி, தாம்பூலம் மாற்றி, சாப்பிட்டு முடித்த பிறகு பெண் என்னை மாடியைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனாள். சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏனுங்க அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. அன்னைக்கு உங்க மெஷின்ல உப்பு எடுக்கற தண்ணி ஊத்தியிருந்தீங்களா?"

"உனக்கு யாரு கண்ணு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. எங்க ஆபீஸ்லயும் அதே மாதிரி மெஷின் இருக்குதுங்க. மாசமானா கழுவுவாங்க. ஒருக்கா கழுவிட்டு இருக்கறது தெரியாம ஒருத்தரு குடிச்சுப்போட்டாரு. அம்மா வந்து சொன்ன டேஸ்ட்டும் அவரு சொன்னதும் ஒண்ணா இருந்துச்சுங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க அத்தை. தினமும் காலையில அதத்தானுங்க குடிக்கறாரு" என்றாள்.

கல்யாணத்தில் இது பெரிதாகிவிட்டது. மண்டபத்தில் சமையல்காரரிடம் மாப்பிள்ளை வீட்டாருக்கு எலுமிச்சைக் காபி தனியாகப் போட வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். சமையல்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டு என்னிடமே வந்தார். "ஏனுங்கம்மா, உங்க வழக்கமுங்களா?" என்றார். சம்பந்தி மனம் நோகக்கூடாதே என்று, "ஆமாங்க" என்றேன். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதைக் கொடுத்தார்கள். பெண் வீட்டார் வழக்கமாக்கும் என்று நினைத்து எங்கள் ஆட்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டும் போனார்கள்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்துப் பெரியப்பா கோயமுத்தூருக்கு வேலையாக வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். இப்போது மெஷினுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறோம். மருமகள் வந்து ஒருமுறை முறைப்படி கழுவியும் கொடுத்திருந்தாள். சத்தமே இல்லை. மணக்க மணக்கப் பால் ஊற்றி ஒரு காபி கொடுத்தேன். குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"மெஷின் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்களேண்ணா, நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்பச் சரிங்க" என்றார். ஃபேனைப் பார்த்தார். "கண்ணாலத்துக்கு முன்னாடி ஒரு காபி, பின்னாடி ஒரு காபிங்களாட்ட இருக்குது" என்றார்.

சொன்னது மெதுவாகத்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சண்டை கிடையாது. வீட்டுக்காரர் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இனி மறைப்பதில் பயனில்லை என்று முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. போர் தண்ணீரில் தொடங்கி, ஸ்க்ரூ டிரைவர், எலுமிச்சை உப்பு, ஊறப்போட்டது, குளிக்கப் போனது, பையன் தெரியாமல் போட்டது வரை ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "எங்க மேல தப்புதானுங்க சம்மந்தி. மன்னிச்சுக்கோணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரியப்பா குறுக்கே ஒரு கேள்வி கேட்காமல் கேட்டார். அப்புறம் சிரித்தார். வருத்தத்தோடு சிரித்த சிரிப்பு.

"பக்குவத்தச் சொல்ல மனசில்லீன்னா உட்டுருங்க சம்மந்தி. அதுக்கு எதுக்குங்க இத்தன பெரிய கதை?"

"கதை இல்லீங்க, நெசமுங்க!"

"பைப்பு கழுவுன தண்ணிய நீங்களும் எங்ககூட உக்காந்து குடிச்சீங்களாக்கும்? நான் பாத்தனுங்களே. ரசிச்சுக் குடிச்சீங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து உள்ளே போய், அலமாரியில் மிச்சம் இருந்த எலுமிச்சை உப்புப் பொட்டலத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதுதானுங்கண்ணா பக்குவம். ஒரு கோப்பைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல போட்டராதீங்க. எலுமிச்சம்பழத்துல அந்த ருசி வராதுங்க" என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். நாக்கு நுனியில் கொஞ்சம் வைத்துப் பார்த்தார். முகம் பழையபடி ஒன்றும் தெரியாத முகமாக ஆனது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க" என்றார்.

இருந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு குறை உண்டு. தன் ஆயுளில் அவர் மனமறிந்து ஒரு உண்மையை முழுசாக உட்கார்ந்து சொன்னது அந்த ஒரு தடவைதானாம், அதையும் நம்ப ஆளில்லையாம். பாய் கடைக்கு அவ்வப்போது போய் வருகிறார். பொட்டலம் காங்கேயம் பஸ்ஸில் போகிறது.